பெரியவர்களுக்கான பல் சீரமைப்பு: விரைவுச் சிகிச்சையா, வழக்கமான சிகிச்சையா?

பள்ளிப் பருவத்தில் பல்லுக்குக் கிளிப் போட வசதியற்றிருந்த பலர், வேலைக்குச் சென்று பொருளீட்டத் தொடங்கிய பின்னரே அதைப் பற்றிச் சிந்திக்கின்றனர். சிறுசேரியின் மென்பொருள் நிறுவனங்களிலும் மறைமலை நகரின் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் இளைஞர்கள் இதற்கு விலக்கல்லர். திருமணம், நேர்முகத் தேர்வு, பணி இடமாற்றம் என ஏதேனும் ஒரு நாளைக் குறித்துவைத்துக்கொண்டு வருவோருக்கு, ‘சில மாதங்களில் சீரான பல்வரிசை’ என்னும் விளம்பரம் ஈர்ப்பாகவே இருக்கும். அக்காலக் குறைப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்த பின்னரே முடிவெடுத்தல் வேண்டும்.

சிகிச்சைக்கு ஏன் நீண்ட காலம் ஆகிறது?

கம்பி பல்லைத் தள்ளுவதால் மட்டும் பல் நகர்ந்துவிடுவதில்லை. மெல்லிய விசை தொடர்ந்து செலுத்தப்படும்போது, பல் நகரும் திசையில் எலும்பு கரைகிறது. எதிர்ப்புறத்தில் புதிய எலும்பு உருவாகிறது. இதன் வேகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். நெரிசலைப் போக்க ஒரு முன்கடைவாய்ப் பல் அகற்றப்பட்டால், உண்டாகும் இடைவெளி சுமார் 7 மில்லிமீட்டர். அதனை மூடுவதற்கே பல மாதங்கள் தேவை. அதற்கு முன் பற்களை வரிசைப்படுத்துதலும், பின்னர் மேல், கீழ்ப் பற்களின் கடிப்பைச் சரிசெய்தலும் உள்ளன. ஆகவே, முழுமையான சிகிச்சை சராசரியாக 20 மாதங்கள் நீடிக்கிறது.

‘விரைவு’ என்பதன் பொருள் என்ன?

இச்சொல் மூன்று வேறுபட்ட முறைகளைக் குறிக்கிறது.

முதலாவது, வெளியே தெரியும் முன்பற்களை மட்டும் நேராக்குதல். இங்குக் குறைவது காலம் மட்டுமன்று. சிகிச்சையின் இலக்கும் குறைகிறது. கடிப்பு சரியாக உள்ள ஒருவருக்கு முன்பற்களில் மட்டும் சிறு நெரிசல் இருப்பின், இது பொருத்தமானதே. கடிப்பில் குறை உள்ளவருக்கு அக்குறை அப்படியே எஞ்சியிருக்கும்.

இரண்டாவது, அதிர்வுக் கருவிகளும் ஒளிக்கதிர்க் கருவிகளும். காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், இவை சிகிச்சைக் காலத்தைக் குறைப்பதற்கு நம்பகமான சான்று கிடைக்கவில்லை.

மூன்றாவது, ஈறைத் திறந்து எலும்பில் கீறல் இடுதல் அல்லது நுண்துளை இடுதல். காயம்பட்ட எலும்பு சிறிது காலம் விரைந்து மாற்றமடைவதால் பற்களின் நகர்வும் வேகம் பெறலாம். எனினும், அவ்வேகம் சில மாதங்களில் அடங்கிவிடும். வலி, வீக்கம், நோய்த்தொற்று ஆகிய வாய்ப்புகளையும் கூடுதல் செலவையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

நேரடி மருத்துவக் கண்காணிப்பின்றி அஞ்சல் வழியாக அலைனர்களை அனுப்பி வந்த அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. சிகிச்சையின் நடுவிலிருந்தோர் வேறு மருத்துவரை நாட வேண்டியதாயிற்று. விரைவைப் போலவே தொடர் கண்காணிப்பும் முக்கியம் என்பதற்கு இது சான்று.

பெரியவர்கள் கவனிக்க வேண்டியவை

பல் சீரமைப்புக்கு வயது தடையன்று. ஈறு நோய் தடையாகலாம். ஈறு வீங்கி எலும்பு தேய்ந்த நிலையில் பற்களை நகர்த்தினால் அவை ஆட்டம் காணக்கூடும். எனவே, முதலில் ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற வேண்டும். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய், புகையிலைப் பழக்கம், எலும்புத் தேய்மானத்துக்கு உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்கலாகாது. தாடை வளர்ச்சி முடிந்துவிட்டதால், தாடை எலும்பின் பெருங்குறைகளுக்குக் கம்பியுடன் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம்.

எங்கு, எவ்வாறு சிகிச்சை பெறலாம்?

1953இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே உள்ளது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் நேராகச் சென்று இறங்கலாம். மாமல்லபுரம், கல்பாக்கம் பகுதியினர் பேருந்துப் பயணத்தையும் கணக்கிட வேண்டும். 4 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை செல்ல வேண்டியிருப்பதால், தவறாமல் சென்றுவரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுத்தல் நலம். தவறவிட்ட வருகைகளும் உடைந்த கிளிப்புகளும் சிகிச்சையை நீட்டிக்கும் முதன்மைக் காரணங்களுள் அடங்கும்.

சிகிச்சைக்கு ஒப்புதல் அளிக்கும் முன் பின்வருவனவற்றைக் கேட்டறிக:

• சிகிச்சை அளிப்பவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவுபெற்றவரா? பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரா?
• எக்ஸ்ரே எடுத்து, ஈறுகளைப் பரிசோதித்தார்களா?
• முன்பற்கள் மட்டும் நேராகுமா, கடிப்பும் சரியாகுமா?
• விரைவு முறையால் எத்தனை மாதங்கள் குறையும்? அதற்கான கூடுதல் கட்டணம் எவ்வளவு?
• கம்பியை அகற்றிய பின் ரீடெய்னர் எவ்வளவு காலம் அணிய வேண்டும்?

இறுதிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. எம்முறையில் சீரமைத்தாலும், ரீடெய்னரைக் கைவிட்டால் பற்கள் பழைய இடத்தை நோக்கி நகரத் தொடங்கும். குறித்த நாளுக்குள் பல்வரிசை அழகாகத் தோன்ற வேண்டும் என்னும் விருப்பம் இயல்பானதே. ஆயினும், அந்நாளுக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் மெல்ல வேண்டிய பற்கள் அவை என்பதை நினைவிற்கொண்டு முடிவெடுப்பீராக.