காலிக் கோட்டையில் நம்ம கல்லும் இருக்கு

குருவிட்ட பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த நாங்கள் நாலு பேர், போன விடுமுறையில் காலிக் கோட்டைக்குப் போனோம். ஒரு சின்ன மாணிக்கக் கடையின் கண்ணாடிக்குள் நீலக்கல் ஒன்று மின்னியது. கடைக்கார நானா முதலில் இங்கிலீஷில்தான் பேசினார். இரத்தினபுரி மாவட்டம் என்றதும் சிரித்துவிட்டு, "அப்ப இது ஒங்கட ஊர்க் கல்லாத்தான் இரிக்கும் மகள்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எங்களை இதை எழுத வைத்தது.

காலி என்றதும் நம்ம ஆட்களுக்கு மதில், வெளிச்சவீடு, செல்ஃபி. 1588இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டத் தொடங்கினார்கள், 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்தார்கள், 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வழிகாட்டிகள் சொல்லும் கதை இவ்வளவுதான். ஆனால் கோட்டைக்கு முன்பே இது வியாபார ஊர். 1344இல் சிவனொளிபாதமலை ஏறிய இப்னு பதூதா, தெவிநுவர வழியாகக் காலிக்கும் வந்து போனார். கோட்டைக்குள் இருக்கும் பெட்லர் வீதியின் பெயரே தலைச்சுமை வியாபாரிகளிடமிருந்து வந்தது.

தமிழுக்கும் இங்கே இடம் இருந்தது. 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. 1911இல் அந்தக் கல் காலியில் கிடைத்தபோது, மதகு ஒன்றுக்கு மூடியாகக் கிடந்ததாம்! இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கல்லைக் காப்பாற்றிவிட்டோம், சரி. ஆட்களை? கோட்டைக்குள் வீடுகள் கைமாறி ஹோட்டலும் கஃபேயும் ஆகின்றன. வெளிக்காசு வராவிட்டால் பல பழைய வீடுகள் இடிந்தே போயிருக்கும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மரபுரிமைச் சட்டம் சுவரையும் ஓட்டையும் பார்க்கிறது, உள்ளே தொழில் செய்கிறவரைப் பார்ப்பதில்லை. பீரலு ரேந்தை பின்னும் அம்மாவும் கல் பட்டை தீட்டும் நானாவும் வாடகை கட்ட முடியாமல் வெளியே போய்விட்டால், மிச்சம் இருப்பது அழகான வெறும் கூடுதான்.

இது நமக்கும் பழக்கமான கதை. எங்கள் ஊரில் மாணிக்கக் குழிக்குள் இறங்குகிறவருக்குக் கல் கிடைத்தால்தான் பங்கு. அந்தக் கல் கடைக் கண்ணாடிக்குள் போகும்போது அவர் பேர் கூடவே போவதில்லை. தேயிலைப் பெட்டியிலும் கொழுந்து எடுத்தவரின் பேர் இல்லைதானே?

அதனால் கேட்கிறோம்: சின்னத் தொழில்காரருக்குக் கட்டக்கூடிய வாடகையில் கோட்டைக்குள்ளேயே இடம் ஒதுக்குங்கள். மரபுரிமை என்றால் அவர்களும்தான்.

நீங்களும் அடுத்த முறை போனால் மதிலில் படம் எடுத்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். ஒரு சின்னக் கடைக்குள் ஏறுங்கள். காசு இல்லாட்டியும் பரவாயில்லை, எங்களிடமும் இருக்கவில்லை. "இது எங்க இருந்து வந்த கல்லு, யார் தோண்டினது?" என்று கேளுங்கள். கேட்கிறவர் இருந்தால்தான் சொல்கிறவரும் இருப்பார்.