கோயிலை விடுங்கள், வழியை வரையுங்கள்

ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 பௌத்தக் கோயில்களையும் சுற்றிவர ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நிலக்காட்சி ஓவியர்கள் பலர் அங்கே போயும் வாசலையும் கோபுரத்தையுமே வரைகிறார்கள். அது அஞ்சலட்டைக்காரர் வேலை. 23ஆம் கோயிலான யகுவோஜியிலிருந்து முரோட்டோ முனையிலுள்ள 24ஆம் கோயிலுக்குச் சுமார் 75 கிலோமீட்டர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பசிபிக், நடுவே லாரி ஓடும் தார்ச்சாலை. கரையோரம் அலைதடுப்புக் கான்கிரீட் கட்டைகள் நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு கறுத்துக் கிடக்கும். அவற்றை ஒளித்துவிட்டு வெறும் கடலை வரைவது பொய். உப்புக்காற்றில் நீர்வண்ணம் லேசில் காயாது, வாஸ்தவம்தான், பென்சில் போதுமே! மாலை 5 மணிக்குள் கோயில் முத்திரை வாங்கிவிட வேண்டுமென்று ஓடும் யாத்ரீகருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. படம் வரைய வந்தவருக்கும் அதே அவசரம் எதற்கு?