தவணை மனையும் நாலு கேள்வியும்

"கையில காசில்லாட்டியும் மனை வாங்கலாம், மாசம் ஐந்நூறு கட்டினா போதும்" என்றார் புரோக்கர். கொத்தனார் வேலை பார்க்கும் அப்பா நம்பிக் கட்டினார். கையில் இருந்தது தவணை அட்டை மட்டும். 2016-ல் நீதிமன்றத் தடையால் அங்கீகாரமில்லாத மனைகளுக்குப் பத்திரப்பதிவு நின்றது. புரோக்கரையும் காணோம்!

தவணை தப்பில்லை, கேட்காமல் கட்டுவதுதான் தப்பு. வில்லங்கச் சான்று பார்த்தாச்சா? தாய்ப்பத்திரமும் பட்டாவும் யார் பேரில்? மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா? ஒப்பந்தம் பதிவானதா? 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வெறும் அட்டை போதாது.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அன்று அப்பாவுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆளில்லை. இன்று நம் தெருக்காரர்களுக்கு நாம் இருக்கிறோம். சொல்வோமா?