பட்டாளத்திலிருந்து சட்டசபைக்கு

பின்னலாடைத் தொழிலில் திருப்பூருக்கு ஒரு மூத்த சகோதரி உண்டென்றால் அது பஞ்சாபிலுள்ள லூதியானாதான். நாம் பருத்தி நூலில் பனியன் பின்னிப் பெயரெடுத்தோம். அவர்கள் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னிப் பெயரெடுத்தார்கள். சாயக் கழிவால் நம் நொய்யல் நதி பட்ட பாட்டையெல்லாம் அவர்களுடைய புட்டா நாலா ஓடையும் பட்டுச் சட்லெஜ் நதியில் போய் விழுகிறது. 2020-ஆம் வருஷத்து ஊரடங்கின்போது பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்திருந்த ஜனங்கள் இரண்டு ஊர்களிலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பிப் போனார்கள். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பிரதேசங்களும் அடியோடு வேறுபடுகின்றன. அங்கே பட்டாளத்திலிருந்து திரும்பியவன் வோட்டுக் கேட்டு வந்தால் ஒருவரும் ஆச்சரியப்படுவதில்லை. இங்கே அவன் பனியன் கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தால் ஒருவரும் ஆச்சரியப்படுவதில்லை.

பஞ்சாபின் இந்த வழக்கத்துக்கு மிகவும் பிரசித்தமான உதாரணம் கேப்டன் அமரீந்தர் சிங். (கேப்டன் என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருபவர் வேறு, திரைப்படம் தந்த பட்டத்தோடு விருத்தாசலத்திலும் ரிஷிவந்தியத்திலும் ஜெயித்துச் சட்டசபைக்குப் போன விஜயகாந்தை நான் குறைத்துப் பேசவில்லை, ஆனால் அது வேறு கதை.) 1942-இல் பாட்டியாலா மகாராஜாவின் மகனாகப் பிறந்து, தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயின்று, 1963-இல் சீக்கியப் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்த அமரீந்தர், 1966 முடிவதற்குள்ளாகவே சேனையை விட்டு வெளியே வந்துவிட்டார். அதன் பிறகு தல்வண்டி சாபோ, சமானா, பாட்டியாலா என்னும் மூன்று தொகுதிகளிலிருந்து மீண்டும் மீண்டும் சட்டசபைக்குச் சென்று, இரண்டு தடவை முதல் மந்திரி ஸ்தானத்தையும் வகித்தார். இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, மூன்றரை வருஷ உத்தியோகம் ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் அறுபது வருஷம் நின்றுவிட்டது சற்று விசித்திரமாகத்தான் தோன்றுகிறது.

ஆனால் அந்த மூன்றரை வருஷம் சாமானியமான காலம் அல்ல. 1965-ஆம் வருஷத் தொடக்கத்தில் ராஜினாமாச் செய்திருந்தவர், பாகிஸ்தானோடு சண்டை மூண்டதும் தாமாகவே திரும்பி வந்து, மேற்குப் பிராந்தியத்தின் படைத்தலைவராயிருந்த லெப்டினன்ட் ஜெனரல் ஹர்பக்ஷ் சிங்கின் ஏ.டி.சி.யாகப் பணிபுரிந்தார். ஏ.டி.சி.யின் வேலை துப்பாக்கி பிடிப்பதல்ல. தளபதிக்கு வரும் டெலிபோனை எடுப்பதும், அவரைப் பார்க்க வருகிறவர்களை நிறுத்தி விசாரிப்பதும், அவர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போவதுமாகிய நிழல் உத்தியோகம் அது. கேம்கரன் பக்கம் பாகிஸ்தானின் பாட்டன் டாங்குகள் புகுந்துவிட்ட அந்தச் செப்டம்பரில், சேனையைப் பியாஸ் நதிக்குப் பின்னால் நகர்த்திக்கொள்ளும்படி தலைமைத் தளபதி ஜெனரல் சௌதுரி சொன்னதாகவும், அப்படிச் செய்தால் அமிர்தசரஸ் உட்படப் பஞ்சாபின் பெரும்பகுதியை எதிரியிடம் ஒப்படைத்ததாகிவிடும் என்று ஹர்பக்ஷ் சிங் மறுத்துவிட்டதாகவும் அந்த யுத்தத்தை அருகிலிருந்து கண்டவர்கள் சொல்லி வருகிறார்கள். அமரீந்தரும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நீர் பாய்ந்து சேறாகிக் கிடந்த அசல் உத்தர் கரும்பு வயல்களில் அந்தப் பாட்டன் டாங்குகள் சிக்கிச் சின்னாபின்னமானது அதற்குப் பிறகு நடந்தது. மேலதிகாரியைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்லத் துணிந்த ஒரு மனிதரின் அறை வாசலில் இருபத்து மூன்று வயதில் நின்றவன், பின்னால் எந்தத் தொழிலுக்குப் போனாலும் அந்தச் சொல்லை மறந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் மறக்கவில்லை என்பதற்கு இரண்டு சாட்சியங்கள் உண்டு. 1980-இல் காங்கிரஸ் வேட்பாளராகப் பாட்டியாலாவிலிருந்து லோக்சபைக்குப் போனவர், 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்ததைக் கண்டித்து, பள்ளித் தோழரான ராஜீவ் காந்தியின் குடும்பக் கட்சி என்றும் பாராமல், எம்.பி. பதவியையும் கட்சியையும் ஒருசேரத் துறந்தார். தாம் சேவித்த சேனையே செய்த காரியம் அது என்பதை நினைத்தால் அந்தத் துறவின் கனம் விளங்கும். அடுத்த வருஷம் அகாலி தளத்தின் சார்பில் தல்வண்டி சாபோவில் ஜெயித்து, முதல் மந்திரி பர்னாலாவின் மந்திரிசபையில் விவசாய மந்திரியானவர், 1986-இல் அந்தச் சர்க்காரே பொற்கோயிலுக்குள் போலீஸை அனுப்பியபோது மந்திரி பதவியையும் உதறிவிட்டு வெளியேறினார். முதலில் எதிர்த்தது டில்லியை. பிறகு எதிர்த்தது தம்முடைய முதல் மந்திரியையே. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-இல் வந்ததிலிருந்து, கொறடாவின் கட்டளையை மீறினால் பதவி பறிபோகும் என்கிற பயத்தில் கை தூக்குவதும் மேஜையைத் தட்டுவதுமே சட்டசபை உறுப்பினரின் லட்சணமாகிவிட்ட இந்தத் தேசத்தில், அந்த இரண்டு ராஜினாமாக்களையும் நான் அலட்சியமாக ஒதுக்க மாட்டேன்.

ஆனால் ‘முடியாது’ என்பதை யாரிடம் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1981 டிசம்பர் 31-இல் இந்திரா காந்தியின் முன்னிலையில் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் முதல் மந்திரிகள் மூவரும் ராவி, பியாஸ் நீரைப் பங்கிட்டுக் கையெழுத்திட்டார்கள். மறு வருஷம் ஏப்ரலில் பாட்டியாலா ஜில்லாவின் கபூரி கிராமத்தில் சட்லெஜ்-யமுனா இணைப்புக் கால்வாய்க்கு இந்திரா காந்தி மண்வெட்டி பிடித்தபோது, அந்தத் தொகுதியின் எம்.பி. என்ற முறையில் அமரீந்தரும் உடனிருந்தார். அதே அமரீந்தர், காங்கிரஸுக்கே திரும்பி முதல் மந்திரியாயிருந்த 2004 ஜூலையில், அந்த ஒப்பந்தத்தையும் அதற்கு முந்தைய ஏற்பாடுகளையும் ரத்துச் செய்யும் மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவந்து ஏகமனதாக நிறைவேற்றினார். டில்லியிலிருந்த தம் கட்சித் தலைமையைக்கூட அவர் கலந்தாலோசிக்கவில்லை. பஞ்சாபில் அவருக்குக் கிடைத்த ஜெயகோஷம் கொஞ்சமல்ல. விஷயம் ஜனாதிபதியின் மூலம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், பன்னிரண்டு வருஷம் கழித்து, 2016 நவம்பரில், ஒரு ராஜ்யம் தானாகவே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடியாது என்று நீதிபதிகள் அபிப்பிராயம் சொன்னார்கள். அப்போது மறுபடியும் லோக்சபை உறுப்பினராயிருந்த அமரீந்தர் உடனே அந்தப் பதவியை ராஜினாமாச் செய்தார்.

இந்த இடத்தில் திருப்பூர்க்காரன் கைதட்ட முடியாது. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூனில் இடைக்காலத் தீர்ப்பளித்ததும், கர்நாடகம் அடுத்த மாதமே அவசரச் சட்டம் போட்டு அதை மீறப் பார்த்ததும், அதே வருஷம் நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லாது என்றதும் நமக்கு நன்றாக நினைவிருக்கின்றன. முல்லைப் பெரியாற்றில் கேரளம் 2006-இல் செய்த சட்டமும் 2014-இல் அப்படியே விழுந்தது. நொய்யல் போய்ச் சேரும் காவிரியின் கீழ்ப்பக்கத்தில் இருந்துகொண்டு, தண்ணீர் ஒப்பந்தத்தை மேலே இருப்பவன் ஒருதலையாகக் கிழித்தெறிந்தால் அதை வீரம் என்று நாம் எப்படிச் சொல்வது? மேலதிகாரியிடம் மறுப்பது தைரியம். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்த வாக்கை மறுப்பது வேறு ஜாதி. சேனையில் எதிரி எல்லைக்கு அப்பால் இருக்கிறான். சட்டசபையில் எல்லைக்கு அப்பால் இருப்பவனும் நம் தேசத்துப் பிரஜைதான் என்பதை இந்த முன்னாள் ராணுவ அதிகாரி அன்று மறந்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

அவசரமும் சேனையில் கற்றதுதானோ என்னவோ. 2015 டிசம்பரில், பஞ்சாபைப் பிடித்திருந்த போதைப் பொருள் வியாபாரத்தின் முதுகெலும்பை நான்கே வாரங்களில் முறித்துக் காட்டுவதாக, பொதுக்கூட்டத்தில் சீக்கியப் பிரார்த்தனை நூலைக் கையில் ஏந்திப் பிரதிக்ஞை செய்தார். 2017-இல் 117 இடங்களில் 77 இடங்களை வென்று காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. நான்கு வாரம் என்பது ஒரு படையெடுப்புக்குப் போதுமான காலமாயிருக்கலாம். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் மருத்துவமனையும் குடும்பமும் சேர்ந்து வருஷக்கணக்கில் நடத்த வேண்டிய சிகிச்சைக்கு அது போதாது. அந்தப் பிரதிக்ஞையைச் சொந்தக் கட்சிக்காரர்களே அவர்மேல் திருப்பினார்கள். 2021 செப்டம்பரில் முதல் மந்திரி பதவியிலிருந்து விலகினார். புதுக் கட்சி தொடங்கினார். 2022-இல் பாட்டியாலாவிலேயே தோற்றார். அந்த வருஷமே கட்சியைப் பாரதிய ஜனதாவில் கரைத்தார். இந்தக் கடைசி அத்தியாயத்தில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கார்கில் யுத்தத்தைப் பற்றியும், முதல் உலக யுத்தத்தில் நம் சிப்பாய்களைப் பற்றியும், 1965-ஐப் பற்றியும் இடையிடையே அவர் எழுதிய ராணுவ சரித்திர நூல்கள் இந்த அரசியலைவிட அதிக காலம் நிற்கலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். அமரீந்தர் மகாராஜாவின் மகன். சேனைக்குப் போகாவிட்டாலும் அவருக்கு ஒரு தொகுதி கிடைத்திருக்கும். காங்கேயத்திலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ பதினெட்டு வயதில் சிப்பாயாகப் போய், பதினைந்து பதினேழு வருஷம் லடாக்கிலும் அருணாசலத்திலும் பனியில் நின்று, முப்பத்தைந்து வயதில் பென்ஷனோடு திரும்புகிறவனுக்கு எந்தக் கட்சி ஸ்தானம் கொடுக்கிறது? தேர்தல் வந்தால் ஜாதிக் கணக்கையும் பணக் கணக்கையும் போடும் தலைவர்கள், அவனைச் சுதந்திர தினத்தில் மாலை போட்டுக் கௌரவிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவனோ அவிநாசி ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ ஒரு கம்பெனி கேட்டில் அமர்ந்து, வண்டி நம்பரையும் நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான்.

அந்த நோட்டைச் சற்றுக் கவனித்துப் பார்த்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றிய காரணம் புரியும். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்து இறங்குகிறது. டெலிவரி சலானில் 24 ரோல் என்று இருக்கிறது, வண்டியில் 23 ரோல்தான் இருக்கிறது. டிரைவர், மீதி ஒன்று பின்னால் வரும், முதலில் வண்டியை உள்ளே விடுங்கள் என்கிறான். முதலாளியின் மச்சினரே போனில் வந்து, “அட, நம்ம வண்டிதானுங்க, விடுங்க” என்கிறார். பழைய ஹவில்தார் மரியாதை குறையாமல், “எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க சார்” என்று சொல்லிவிட்டுச் சலானில் 23 என்று திருத்திய பிறகுதான் கேட்டைத் திறக்கிறார். பற்றாக்குறையைக் கணக்கில் ஏற்றாமல் விடமாட்டேன் என்கிற இந்தப் பிடிவாதம், பட்ஜெட் மானியக் கோரிக்கைகள் விவாதிக்கப்படும் ஒரு சபைக்கோ, சாக்கடைக் காண்டிராக்டு பில் பாஸ் ஆகும் ஒரு மாநகராட்சி மன்றத்துக்கோ பிரயோஜனப்படாது என்று யாராவது சொல்வார்களா?

சேனையில் இருந்ததே சட்டம் இயற்றுவதற்குத் தகுதி என்று நான் வாதிக்க வரவில்லை. அமரீந்தரின் 2004-ஐயும் 2015-ஐயும் பார்த்த பிறகு அப்படி வாதிக்கவும் இயலாது. வார்டு ஜனங்களோடு பேசிப் பழகி, எதிர்க்கட்சிக்காரனை எதிரியாக நினைக்காமலிருக்கக் கற்று, நாலு தடவை தோற்று ஒரு தடவை ஜெயித்து வரும் நெடுநாள் பயிற்சி ஹவில்தாருக்கும் வேண்டும், கேப்டனுக்கும் வேண்டும். அந்தப் பயிற்சியை ஐம்பது வயதில் தொடங்கினால் பயனில்லை. சட்டசபைக்கு நிற்க இருபத்தைந்து வயது ஆக வேண்டும்; உள்ளாட்சிக்கு இருபத்தொன்று போதும். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருஷம் சேவித்துவிட்டு, நால்வரில் ஒருவர் மட்டும் சேனையில் தங்க, மற்ற மூவரும் இருபதுகளின் தொடக்கத்திலும் நடுவிலுமாக ஊர் திரும்பப் போகிறார்கள். அவர்களுடைய முதல் அணி பயிற்சியில் சேர்ந்தது 2023-இன் தொடக்கத்தில். திருப்பூர் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்து வருஷம் முடிவது 2027 மார்ச்சில். கம்பெனிகளின் ஆள் எடுக்கும் மேனேஜர்கள் இந்தத் தேதிகளை ஏற்கெனவே குறித்து வைத்திருப்பார்கள். கட்சிகளின் மாவட்டச் செயலாளர்களும் குறித்துக்கொண்டால் நல்லது.