எந்தத் தேர்வு எழுதுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு மே மாதத்தில் வருகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை சேர்வதற்கான க்யூட் தேர்வின் விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நீட் விண்ணப்பமும் அப்படித்தான். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு முந்தைய ஆண்டு டிசம்பரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. "பிள்ளை என்ன மார்க் வாங்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் யோசிக்கலாம்" என்று காத்திருக்கும் குடும்பம் யோசிக்கத் தொடங்கும்போது, யோசிக்க ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

இப்படிக் காத்திருக்கும் குடும்பங்கள் எவை? ஆரணியில் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். கடைவீதியில் பட்டு வியாபாரம் செய்யும் வீட்டில் ஜேஇஇயா, நீட்டா என்பது பிள்ளை எட்டாம் வகுப்பு படிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. பயிற்சி மையம், சிபிஎஸ்இ பள்ளி, சென்னையில் இருக்கும் மாமாவின் ஆலோசனை எல்லாம் அந்த முடிவின் பின்னால் வரிசையாக வருகின்றன. கூலிக்கு நெய்கிறவர் வீட்டிலும், தறிகூட இல்லாத சேரி வீட்டிலும் அந்தக் கேள்வி மே மாதத்துக்கு முன் எழுவதே இல்லை. ஊரில் முனைவர் பட்டம் படிக்கிறவள் என்பதால் ஒவ்வொரு ஆண்டும் தேர்வு முடிவு வந்த பிறகு எனக்கு அழைப்புகள் வரும். "அக்கா, டெல்லியில படிக்க என்ன பரீட்சை எழுதணும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு, கடைசி நாள் போய்விட்டது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பரீட்சைக்கும் தேர்ந்தெடுப்பதற்கும் தமிழில் தேர்வு என்ற ஒரே சொல்தான். ஒன்றிய அரசு முதல் பொருளை மட்டும் பேசுகிறது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஆகவே இது சமம் என்கிறது. நான் கேட்பது இரண்டாவது பொருளைப் பற்றி. ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருவரிடம் "ஐஐடிக்கு முயற்சி பண்ணு" என்றும், இன்னொருவரிடம் "ஐடிஐ போ, சீக்கிரம் வேலை கிடைக்கும்" என்றும் சொல்கிறார்களே, அந்த அறிவுரையை எந்த வினாத்தாள் அளக்கிறது? சாதி வேலை செய்யும் முதல் இடம் அந்த அறிவுரைதான். தேர்வு அறை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இதை நெசவு ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி பாதி நேரம்தான், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்துப் போராடினோம். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. ஆனால் கோர்வைப் புடவை நெய்யத் தறியின் ஓரத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பட்டு நெசவு ஊர்களில் நெடுங்காலம் அந்த ஆள் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையாகத்தான் இருந்தது. அரசாணை போனாலும் அது தந்த அறிவுரை போகவில்லை.

இப்போது அந்த 'ஒரே அளவுகோலை'ப் பார்ப்போம். ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. கிளாட் ஆங்கிலத்தில் மட்டும். அதன் கட்டணம் 4,000 ரூபாய். பட்டியல் சாதி மாணவருக்குச் 'சலுகை' போக 3,500. நீட் தமிழில் உண்டு என்பார்கள். 2018இல் அந்தத் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக இருந்தன. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024இல் இதே தேசியத் தேர்வு முகமை நடத்திய நீட்டில் வினாத்தாள் கசிவு வெளிப்பட்டது. ஒன்பது லட்சம் பேர் எழுதிய யுஜிசி நெட் தேர்வு மறுநாளே ரத்தானது. தன் தேர்வையே ஒழுங்காக நடத்த முடியாத முகமை நம் பிள்ளைகளின் தகுதியை அளக்கிறதாம்!

இந்த அளவுகோல் மோகம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் எஸ்ஏடி எழுதலாமா, ஏசிடி எழுதலாமா என்று மாணவர்கள் யோசிக்கிறார்கள். 1926இல் எஸ்ஏடியை உருவாக்கிய கார்ல் பிரிகாம், அதற்கு மூன்றாண்டுகள் முன்புதான் வெள்ளை இனங்களுக்குள்ளும் 'நார்டிக்' இனமே அறிவில் உயர்ந்தது என்று புத்தகம் எழுதியவர். கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் மாணவர் சேர்க்கையில் எஸ்ஏடி, ஏசிடி இரண்டையும் கைவிட்டுவிட்டது. அங்கே கைவிட்டதை இங்கே புதிதாகப் பூட்டுகிறார்கள்.

நம் பக்கத்துக்கும் சில கேள்விகள் இருக்கின்றன. தமிழ்நாடு 1984 முதல் நடந்துவந்த நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. அது பெரிய வெற்றி. பன்னிரண்டாம் வகுப்பில் 1,176 மதிப்பெண் எடுத்த அனிதாவை 2017இல் நீட் பலிகொண்டது. நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டது. இந்தப் போராட்டத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நீட்டுக்கு முந்தைய காலத்தைப் பொற்காலமாக்க வேண்டாம். அன்று மருத்துவ இடங்களை அள்ளியவை நாமக்கல் பாணித் தனியார் பள்ளிகள். அரசுப் பள்ளி மாணவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். 2020இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த பிறகே அவர்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். தேர்வை ஒழிப்பது பாதி வேலை. பிள்ளை எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதுதான் மீதிப் பாதி.

இன்னொன்று. க்யூட்டை எதிர்த்து 2022 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, சரிதான். ஆனால் அதைச் சாக்கிட்டு, "அந்தத் தேர்வே நமக்கு வேண்டாம்" என்று நம் தோழர்கள் சிலர் சேரிப் பிள்ளைகளிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்கிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள் புறக்கணிக்கிறார்களா? மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் ஐஐடிகளிலும் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடம் உண்டு. அது அண்ணல் அம்பேத்கரின் அரசமைப்பிலிருந்தும் மண்டல் போராட்டத்திலிருந்தும் வந்த உரிமை. அதைக் கோராமல் விடுவது யாருக்கு லாபம்? தேர்வை எதிர்ப்பது இயக்கத்தின் வேலை. அந்த எதிர்ப்பின் விலையைப் பதினேழு வயதுப் பிள்ளை தன் படிப்பால் கட்ட வேண்டியதில்லை.

எழுதச் சொல்வதோடும் முடியாது. தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு மத்திய நிறுவனத்தில் ஓபிசி இடம் கேட்க முடியாது. கிரீமிலேயரில் வரவில்லை என்று குறிப்பிட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். இது தெரியாமல் இடம் இழக்கிறவர்களில் நெசவாளர் பிள்ளைகளும் அடக்கம். 2024இல் உத்தரப்பிரதேசத்துத் தலித் கூலித் தொழிலாளியின் மகன் ஒருவன் ஐஐடி தன்பாத்தில் இடம் பெற்றும், 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாமல் இடத்தை இழந்தான். உச்சநீதிமன்றம் வரை போய்த்தான் அதை மீட்டான். எத்தனை பேரால் அப்படிப் போக முடியும்?

அதனால் மாநில அரசிடம் நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளியில் சில பேரைப் பொறுக்கியெடுத்துப் பயிற்றுவிப்பது போதாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அனைத்திலும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எந்தப் படிப்புக்கு எந்த வழி என்பதைப் பாடவேளை ஒதுக்கிச் சொல்லித்தர வேண்டும். அரசுப் பள்ளி மாணவரின் நுழைவுத் தேர்வுக் கட்டணத்தையும், முதல் தவணைச் சேர்க்கைக் கட்டணத்தையும் அரசே கட்ட வேண்டும். சான்றிதழ்களைப் பள்ளியிலேயே டிசம்பருக்குள் வழங்க வேண்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் என்று எந்த ஊரானாலும் சேரியில் அம்பேத்கர் படிப்பகம் என்று ஓர் அறையாவது இருந்தால் போதும். அதன் சுவரில் ஏப்ரல் 14க்கான சுவரொட்டி ஒட்டுவதற்கு நான்கு மாதம் முன்பே, நீட், க்யூட், ஜேஇஇ, கிளாட் விண்ணப்பத் தேதிகளையும் அவற்றுக்கான சான்றிதழ்களையும் எழுதி ஒட்டுங்கள். கல்லூரிக்குப் போன ஒருவர் வாரம் ஒரு மாலை அங்கே உட்காரட்டும். நீட்டை ஒழிக்கும் போராட்டமும் நடக்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல. இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு கிடைக்கும் வெற்றியால் பயனில்லை. டிசம்பருக்குள் அந்தச் சுவரில் தேதிகள் இருக்க வேண்டும்.