சேர்க்கையின்போதே சரிபார்க்க வேண்டும்



பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு ‘நேரடி பிளஸ் டூ’ வாங்கித் தருவதாகச் சொல்லும் சுவரொட்டிகள் தாம்பரம், முடிச்சூர், சேலையூர் பகுதி மின்கம்பங்களில் மீண்டும் முளைத்துவிட்டன. இவற்றை உடனே தடுக்க வேண்டும்.

இப்பகுதிக் கல்லூரி ஒன்றின் உதவித்தொகைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். டெல்லி வாரியம் ஒன்றின் பெயரில் மதிப்பெண் பட்டியல் கொண்டுவந்த மாணவனை மறக்க முடியவில்லை. முத்திரை, ஹாலோகிராம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. மாற்றுச் சான்றிதழின் தேதி மட்டும் இடித்தது. விசாரித்தால், அப்படியொரு வாரியத்துக்கு அங்கீகாரமே இல்லை. கட்டட வேலை செய்யும் தந்தை வட்டிக்குக் கடன் வாங்கி முகவரிடம் கொடுத்த பணம் போனது. பையனின் சேர்க்கையும் ரத்தானது. அவன் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் முறையாகவே எழுதியிருக்கலாம். அதை அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

2020 மருத்துவக் கலந்தாய்விலேயே போலி நீட் மதிப்பெண் சான்று கொடுக்கப்பட்டு வழக்கானது. சாதாரணக் கலைக் கல்லூரிகள் எம்மாத்திரம்?

அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் உண்மைத்தன்மை கேட்பதைப் பல மாதம் தள்ளிப்போடாமல், உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே கல்லூரிகள் முடிக்க வேண்டும். டிஜிலாக்கரில் உள்ள மதிப்பெண் பட்டியலோடு சேர்க்கை நாளன்றே ஒப்பிடலாம். அங்கீகாரம் பெற்ற வாரியங்களின் பட்டியலைக் கல்லூரி வாசலில் தமிழில் ஒட்டலாம். சுவரொட்டியில் உள்ள கைப்பேசி எண்களைத் தாம்பரம் மாநகரக் காவல்துறை விசாரிக்கட்டும்.

– ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலர், சேலையூர்