பூச்சிகளின் இனப்பிரிவும் குடியானவர் நலமும்

பயிரின் சாற்றை உறிஞ்சி வாழும் பூச்சிகளை நிபுணர்கள் வகுக்கும் முறை காலந்தோறும் மாறிவந்துள்ளது. 1758-ம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் இவற்றிற் பெரும்பாலானவற்றை ஹெமிப்டிரா என்னும் வரிசையில் அடக்கினார். வெள்ளை ஈயையோ அந்துப்பூச்சி என்றெண்ணி வேறிடத்தில் வைத்தார். 1810-ல் பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் அவ்வரிசையை இரண்டாக்கி, அசுவினி, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி முதலியவற்றை ஹோமாப்டிரா என்றும், நாவாய்ப்பூச்சிகளை ஹெட்டிராப்டிரா என்றும் பிரித்தார். ஏறக்குறைய 180 வருஷம் நிலைத்த இப்பிரிவு, 1990-க்குப் பின் நடந்த மரபணு ஆராய்ச்சிகளால் தளர்ந்தது. தத்துப்பூச்சி, அசுவினியைக் காட்டிலும் நாவாய்ப்பூச்சிக்கே நெருங்கிய உறவு என்று தெரியவந்தமையால், ஹோமாப்டிரா என்னும் பிரிவு கைவிடப்பட்டது.

இதனாற் குடியானவருக்கு ஆவதென்ன என்று சிலர் வினவலாம். வரிசையின் பெயர் மாறுவதால் வயலில் உடனே ஆவது ஒன்றுமில்லை என்பது மெய்யே. ஆயின் இனத்தைப் பிரித்தறிவதிற் பிழை நேரின், நஷ்டம் குடியானவருடையதே.

மரவள்ளிப் பயிர் இதற்குச் சான்று. 1970-க்குப் பின் ஆப்பிரிக்காவிற் புகுந்த ஒரு மாவுப்பூச்சி அப்பயிரைப் பாழாக்கியது. பரிகாரம் தேடியவர்கள் தென் அமெரிக்காவின் வடபாகத்தில் அதைப் போன்றதொரு பூச்சியைக் கண்டு, அதன் பகைப்பூச்சிகளைச் சோதித்தனர். அவை ஆப்பிரிக்கப் பூச்சியின்மேற் பெருகவில்லை. இரண்டும் வெவ்வேறு இனம் என்பது பின்னரே புலப்பட்டது. ஒன்றில் ஆண் உண்டு. மற்றதிற் பெண் ஆணின்றியே பெருகுகிறது. 1981-ல் பராகுவே தேசத்தில் உரிய இனம் கண்டறியப்பட்டு, அதன் ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவில் விடப்பட்ட பின்னரே சேதம் தணிந்தது.

அதே பூச்சி 2020-ல் கேரளத்திற் காணப்பட்டுத் தமிழ்நாட்டிலும் பரவியது. மரவள்ளியைத் தாக்கும் பப்பாளி மாவுப்பூச்சி இங்கு முன்னமே இருந்தது. அதற்குரிய குளவி 2010-ல் தருவிக்கப்பட்டது. இரண்டும் வெண்மாவு பூசியவையாயினும், ஒன்றன் குளவி மற்றொன்றுக்கு உதவாது. இனம் தெளிந்தமையாலேயே 2022-ல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் உரிய குளவியை விட இயன்றது.

ஆகையால், "வெள்ளைப்பூச்சி விழுந்தது" என்று பொதுப்பட எழுதும் வழக்கத்தைக் கிராம அதிகாரிகள் விடல் வேண்டும். புதிதாய்த் தோன்றும் பூச்சியை இலையோடு ஸ்பிரிட் நிறைந்த சிறு புட்டியில் இட்டு, பயிர், கிராமம், தேதி குறித்து இலாகாவுக்குச் சேர்ப்பித்தல் நன்று. உயிருள்ள பூச்சியை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லலாகாது. இனத்தைத் தெளிந்து தாமதமின்றி மறுமொழி அனுப்புவது இலாகாவின் கடமை. இனம் தெரியுமுன் மருந்து தெளிப்பவர், பகைவனோடு துணைவனையும் கொன்றுவிடுகின்றனர்.